தொட்டிக் கடல்

நீ கேட்டது ஒரே கேள்வி. நான் வரட்டுமா அம்மா. அதற்கு நான், சாப்பிட்டியா என்றேன். சாப்பிட்டேன் என்றாய். பிறகு உன் பக்கம் அலைச் சத்தமோ காற்றாடிச் சத்தமோ ஏதோ ஒன்று. போனை அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதைக் காதில் வைக்காமல் திரையைப் பார்த்தார். "சிக்னல் இல்ல போல" என்று திருப்பித் தந்துவிட்டார். அது உனக்கும் கேட்டிருக்கும். "சரிம்மா, அப்புறம் எடுக்கிறேன்" என்றாய். அப்புறம் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். போனில் எனக்கு இரண்டு கேள்விகள்தான் வரும். சாப்பாட்டைப் பற்றி ஒன்று, மழையைப் பற்றி ஒன்று. எழுதும்போது அவை வந்து குறுக்கே நிற்பதில்லை. குண்டசாலையில் இன்று மழை இல்லை. அதையும் சொல்லி முடித்துவிட்டேன்.

அவுஸ்திரேலியாவில் உனக்கு என்ன வேலை என்று இங்கே இன்னும் கேட்கிறார்கள். பவளப்பாறை எண்ணுகிறாள் என்பேன். கண்டி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் டீச்சர் விட மாட்டார். "எண்ணி?" என்பார். "எண்ணி எழுதுவா." "எழுதி?" அதற்கு மேல் எனக்குத் தெரியாது. சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இதற்கு முந்திய போனில் நீயும் அதையேதான் கேட்டாய். கடலடியில் அளவு நாடாவை விரிப்போம், அதன் கீழே வருவதையெல்லாம் எழுதுவோம், உயிருள்ளது, வெளிறியது, செத்தது என்றாய். போன தடவை உயிருள்ளது என்று எழுதிய அதே இடத்தில் இப்போது செத்தது என்று எழுதுகிறேன் என்றாய். உன் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைகிறதாம். கடல் தண்ணீர் இல்லையாம். "எழுதி என்னம்மா?" என்றாய். டீச்சரின் கேள்வி. நான் ஜன்னலைத் தேடினேன். குசினியில் ஜன்னல் உயரத்தில் இருக்கிறது.

வரட்டுமா என்று நீ கேட்டதற்கு இந்த வீட்டில் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. வா. அதை நானே முழுதாக நம்பவில்லை. என் முழங்கால் இப்போது படியேற மறுக்கிறது. கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு விடியக் காலையில் போய்க் காத்திருக்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவின் கை நடுங்குகிறது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறார், யாரும் பார்க்காதபோது. இப்படி இருக்கிறவள் வா என்று சொன்னால், வா என்பது மகளுக்காகவா, முழங்காலுக்காகவா? பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரியவில்லை. நீயே பிரித்துக்கொள்.

மற்றது அப்பாவுடையது. நீ போனை வைத்த பிறகுதான் சொன்னார். பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வர வேணாம்னு சொல்லு."

"நீங்களே சொல்லியிருக்கலாமே. சிக்னல் இல்லன்னீங்க."

"நான் கடையை மூடினேன். இந்த வீட்டுல ஒரு ஆள் மூடினது போதும்."

"அவ கேட்டது வரட்டுமான்னு. மூடட்டுமான்னு இல்ல."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். பருப்புக் கழுவும்போது, துணி மடிக்கும்போது. வருவதற்கும் மூடுவதற்கும் என்ன வித்தியாசம். இந்தக் கடிதம் அதைத் தேடிப் போகிற கடிதம். கிடைக்காமலும் போகலாம்.

தொட்டியிலிருந்து தொடங்குகிறேன். எல்லாம் அங்கிருந்துதான். கண்டி மார்க்கட்டுக்குப் பின்னால் அப்பா மீன் கடை வைத்திருந்த காலம். கறிக்கு இல்லை, அழகுக்கு வளர்க்கிற மீன். தங்கமீன், கப்பி, சண்டைக்கார மீன். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல், மூக்கின் அச்சை விட்டுவிட்டுப் போவார்கள். ஹந்தானைப் பக்கம் விடுதி நடத்திய வெளிநாட்டுக்காரர் ஒருவர் நாட்டை விட்டுப் போகும்போது தன்னுடைய தொட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே பவளங்கள். விரல்களைப் போல, காளானைப் போல, சில நேரம் தூங்குகிற பூனையின் பாதத்தைப் போல. கடலிலிருந்து யாரும் அவற்றைப் பெயர்க்கக் கூடாது, அது குற்றம், இவை அவர் தொட்டியிலேயே வளர்த்தவை. "கடல் மாதிரி வைத்திருங்கள்" என்றுதான் அவர் சொன்னார். அவ்வளவுதான் விளக்கம். அப்பா கடலை அதற்கு முன் பார்த்தது ஓரிரு தடவை. மலையில் பிறந்து மலையிலேயே கடை வைத்த ஆள். சரி என்றார். எப்போதும் சரி என்பார்.

கடல் மாதிரி வைக்க வேண்டுமென்றால் கடல் வேண்டும். திருகோணமலைக்குச் சாமான் ஏற்றிப் போகும் லொறிக்காரர், நாம் அக்குறணை நானா என்று கூப்பிடுகிறவர், திரும்பி வரும்போது நிலாவெளிக் கடற்கரையில் நிறுத்தி, கலன்களில் கடல் தண்ணீர் மொண்டு வருவார். உனக்கு அவரைப் பிடிக்கும். லொறியை நிறுத்தும் முன்னாலேயே கத்துவார். "முதலாளி, கடல் வந்தீக்கு. எங்க எறக்க?" வழியில் பொலிஸ் மறித்த கதையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். "கலனுக்குள்ள என்னன்னு கேட்டான். கடல் ஈக்கு சேர்னேன். பகிடி விடுறியான்னான். நக்கிப் பாருங்க சேர்னேன். விரலை உட்டு நக்கினான் முதலாளி. மூஞ்சியப் பாக்கணுமே." நீ பள்ளிச் சீருடையோடு கலன் மேல் உட்கார்ந்து சிரிப்பாய். அப்பா சிரிக்காமல் கலனின் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார். தேயிலையை மணப்பது போல.

தொட்டியில் விளக்கு எரியும். காற்றாடி ஓடும். தண்ணீர் நாளுக்கு நாள் குறையும். குறைந்த அளவுக்கு அப்பா கலனிலிருந்து கடல் தண்ணீரை ஊற்றுவார். கடல்தானே குறைந்தது, அதனால் கடல். இதில் எங்கே பிழை என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நகரசபையில் எனக்கு வேலை, தண்ணீர் வரிப் பிரிவில். ஊரெல்லாம் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிறவள். வீட்டுக்காரரின் தொட்டியைப் பார்க்கவில்லை. பவளங்கள் சுருங்கின. விரல்கள் மூடிக்கொண்டன. ஓரத்திலிருந்தது கரைந்து, தோல் மாதிரி கழன்றது. அப்பா இன்னும் கவனமாக ஊற்றினார். இன்னும் நல்ல கடல் வேண்டுமென்று நானாவைத் தள்ளிப் போய் மொள்ளச் சொன்னார். "எல்லாம் ஒரே கடல் முதலாளி" என்றார் நானா. "தள்ளிப் போனா ஆழம்தான் கூடும்."

ஒரு பௌர்ணமிப் போயா நாள் மத்தியானம். எல்லோருக்கும் விடுமுறை. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போய் மறந்துவிட்டேன். வற்றிப்போனது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்புக் கரிக்குது" என்றார். "வத்திருச்சு, அதான். சுடுதண்ணி ஊத்தினா சரியாயிரும்" என்று கேத்தலை எடுத்து ஊற்றினேன். நீதான், சோற்றைப் பிசைந்துகொண்டே, பகிடியாகக் கேட்டாய், "ஏம்மா, அப்பா மாதிரி உப்புத் தண்ணியே ஊத்த வேண்டியதுதானே?" அப்பாவின் கை தட்டில் நின்றது. நான் அந்தக் கையை மறக்கவில்லை. அப்போது நடுக்கம் கிடையாது. எழுந்து, கை கழுவாமல், நீட்டிய கையோடு வாசலுக்குப் போனார். சோறு காய்ந்த கையோடு கண்டிக்குப் பஸ் ஏறினார். போவது தண்ணீர் மட்டும். உப்பு போவதில்லை. உப்பு அங்கேயே இருக்கிறது. அதன் மேல் அவர் நாள்தோறும் இன்னும் உப்பை ஊற்றிக்கொண்டிருந்தார், அன்பாக, அளவு பார்த்து.

அதற்குப் பிறகு ஆறவைத்த குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். எஞ்சியவை மெல்லத் திறந்தன. நீ அவற்றின் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து படித்தாய். படிப்பு முடிந்தபோது உனக்குக் கடல் தவிர வேறெதுவும் பிடிக்காமல் போயிருந்தது. கடலில்லாத ஊரில் பிறந்த பிள்ளைக்கு.

நானாவின் லொறியில் நாம் எல்லோரும் ஒரு முறை போனோம். நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவு. தீவின் ஒரு கரையில் மணலே இல்லை. எல்லாம் உடைந்த பவளம். நடந்தால் ஓட்டுத் துண்டுகள் மேல் நடப்பது போலச் சத்தம் வரும். அப்பா முழங்கால் அளவு தண்ணீரில், சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரமாட்டேன் என்று நின்றார். நீ வாடகைக்கு எடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தை உள்ளே வைத்தாய். நெடுநேரம் எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. எடுத்தபோது நீ வேறு ஆளாக இருந்தாய் என்று சொன்னால் கதை மாதிரி இருக்கும். அப்படி இல்லை. "அம்மா, கடைக்குள்ள இருக்கிறது ரொம்பச் சின்னது" என்றாய். அப்பாவுக்குக் கேட்டது. நான் செத்த பவளத்தின் மேல் உட்கார்ந்து உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை என் வேலை அதுதான். நீ உள்ளே. நான் கரையில், செருப்போடு.

மற்றவர்களுக்கு உலகம் நாடுகளாக இருக்கிறது. எனக்கு நீ போனில் பேசிய பவளத்திட்டுகளாக இருக்கிறது. மாலைதீவு என்றால் காற்று. உல்லாச விடுதியில் வருகிறவர்களுக்கு மீன் காட்டுகிற வேலை. கால் வைக்கிற மண்ணே பவளம்தான் அம்மா, திட்டு போனால் நாடும் போகும் என்றாய். உன் சித்தி மகள் கல்யாணம் அப்போது, நீ வரவில்லை. ராஜா அம்பட் என்றால் அமைதி. இந்தோனேசியாவின் அந்தக் கோடிக்குப் போய் இறங்கி நீ ஒரே ஒரு செய்திதான் அனுப்பினாய். "இங்க எல்லாமே இருக்கும்மா." ஒரு பாறையில் எத்தனை வகை என்று எண்ண முடியவில்லை என்றாய், எண்ணுவதே தொழிலாக உள்ளவள். அன்றைக்கு நான் கோயிலுக்குப் போனேன். எதற்கு என்று அப்பாவிடம் சொல்லவில்லை. எல்லாமே இருக்கிற ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்ததற்காக. பெலீஸ் நீ போகாத இடம். ஆனால் உன் அறைத் தோழி அங்கிருந்து வந்தவள், ஆகவே அதுவும் எனக்கு ஓர் இடம். அங்கே திட்டுக்கு நடுவே ஒரு பெரிய நீலக் குழி இருக்கிறதாம். அவள் நன்றாகச் சமைப்பாள் என்பதும் தெரியும்.

செங்கடல் என்றால் உன் சிரிப்பு. அண்மைக்காலத்தில் அந்த ஒரு போனில்தான் நீ சிரித்தாய். வட முனையில் இருக்கும் பவளம் சூட்டைத் தாங்குகிறது என்றாய், மற்ற இடத்தில் வெளிறுகிற சூட்டிலும் அது நிறத்தோடு இருக்கிறது என்றாய். அன்று அப்பா தானாகப் போனை வாங்கினார்.

"அங்க உப்பு எப்படி?"

"மத்தக் கடலை விடக் கூடப்பா."

"அப்ப எப்படி உயிரோட இருக்கு?"

"பழகிருச்சுப்பா. ஆனா பழகறதுக்கு ஆயிரக்கணக்கான வருசம் எடுத்துக்கிட்டுச்சு."

அப்பா போனை என்னிடம் தந்துவிட்டு, "அது நியாயம்" என்றார். அதை இப்போது உனக்கு நினைவூட்டுகிறேன். உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள், வேலையென்றால் அப்படித்தான், பழகிக்கொள் என்று சொல்கிறார்கள் என்றாய். சொல்கிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். நானும் உனக்கு எத்தனையோ காரியங்களில் பழகிக்கொள் என்று சொன்னவள்தான். விடுதிச் சாப்பாடு, தனி அறை, மாதவிடாய் வலி. ஆனால் எதற்கும் பழக ஒரு காலம் வேண்டும். அது உனக்குக் கொடுக்கப்படவில்லை. பவளத்துக்கே கொடுக்கப்படவில்லை.

இப்போது நீ இருக்கும் இடம், அவுஸ்திரேலியாவின் அந்த நீளமான திட்டு, வானத்துக்கு மேலேயிருந்து பார்த்தாலும் தெரியும் என்கிறார்களே, அது எனக்கு என்னவென்றால் களைப்பு. மன்னித்துக்கொள். உலகத்திலேயே பெரியது. உன் குரல் அங்கே போன பிறகுதான் சின்னதாகியது. படகில் வந்தவர்கள் வெளிறிய பவளத்தைப் பார்த்து, எவ்வளவு அழகு, பனி மாதிரி என்று படமெடுத்தார்கள் என்றாய். உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "இல்லம்மா. அழகாத்தான் இருந்துச்சு" என்றாய். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபம் வராத உன்னை எனக்குப் பழக்கமில்லை.

வெளிறுவது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தது நீதான், நம் கடையில் வைத்து. நாடெல்லாம் கரண்ட் இல்லாத அந்த வருடம். தொற்றுக் காலத்தில் மாலைதீவு வேலை போய், நீ அவுஸ்திரேலிய விசாவுக்காக வீட்டில் காத்திருந்தாய். மின்வெட்டு இத்தனை மணி முதல் இத்தனை மணி என்பார்கள். பிறகு அதுவும் பொய்யாகும். தொட்டியில் விளக்கு இல்லை. காற்று இல்லை. நாம் மூவரும் முறை வைத்துக் கோப்பையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம், காற்றுச் சேரட்டும் என்று. சந்தைக்கு வந்தவர்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள். ஊரில் காஸ் இல்லை, பால்மா இல்லை, ஒரு குடும்பம் கடைக்குள் உட்கார்ந்து தண்ணீரை எடுத்துத் தண்ணீரில் ஊற்றுகிறது. எனக்கே வெட்கமாக இருந்தது. கையை நிறுத்தவும் முடியவில்லை.

அப்பா சின்ன ஜெனரேட்டர் ஒன்றை இரவல் வாங்கினார். அதற்குப் பெற்றோல் வேண்டும். கேனை எடுத்துக்கொண்டு பெற்றோல் செட் வரிசையில் போய் நின்றார். அங்கே நடந்ததை அவர் உனக்குச் சொல்லவில்லை. எனக்கும் அவர் சொல்லவில்லை, வரிசையில் நின்ற டீச்சரின் தம்பி சொன்னான். முன்னால் நின்ற ஆட்டோக்காரன் கேட்டிருக்கிறான்.

"ஐயாவுக்கு வாகனம் இல்லையே, கேன் எதுக்கு?"

"ஒரு மெசின் ஓட்டணும். தொட்டிக்குக் காத்து குடுக்க."

"என்ன தொட்டி?"

"மீன் தொட்டி."

"மீனுக்குப் பெற்றோலா? டேய், இங்க வந்து கேளுடா. நாங்க நேத்திலேருந்து வண்டிக்குள்ளயே படுத்துக் கிடக்கிறோம், ஐயா மீனுக்குக் கேக்கிறாரு. பொரிச்சிருங்க ஐயா. எண்ணெய் இல்லாட்டி சுட்டுருங்க."

வரிசை முழுக்கச் சிரித்ததாம். அப்பாவும் சிரித்தாராம். சிரித்துவிட்டு, வரிசையை விட்டு விலகி, கேனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். "இல்லயாம்" என்றார். நாம் நம்பினோம். அந்த நாட்களில் இல்லாமல் போவது வழக்கமாக இருந்ததால் நம்புவது சுலபம். அந்த ஆட்டோக்காரன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் சொன்னது சரி. அப்பாவும் சரி. இரண்டு சரிக்கும் நடுவே பவளம் வெள்ளையானது.

"செத்துருச்சா?" என்று அப்பா கேட்டார். "இல்லப்பா, வெளிறிருக்கு" என்றாய். "இருக்கா இல்லையா, ஒண்ணு சொல்லு." "ரெண்டும் இல்லப்பா." அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, அதுதான் நிறம், அதுதான் வெளிச்சத்தை வாங்கிச் சோறாக்கிக் கொடுக்கிறது, கஷ்டம் வந்தால் பவளம் அதை வெளியே அனுப்பிவிடும், அப்புறம் இப்படி வெள்ளையாகப் பட்டினி கிடக்கும், நிலைமை திரும்பினால் நிறமும் திரும்பும் என்றாய். அப்பா அதன் முன்னால் உட்கார்ந்து, நிலைமை திரும்புவதற்காகக் காத்திருந்தார். திரும்பவில்லை. பச்சையாக வழுக்கல் படர்ந்தது. அது வேறு பாசி என்றாய். அதற்குப் பிறகு நாம் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டோம்.

முதல் முறை செத்தது நம் பிழையால். அது எனக்கு இப்போது கிட்டத்தட்ட சந்தோஷமான நினைவு. பிழை இருந்தது, பருப்புச் சட்டியில் கண்டுபிடித்தோம், திருத்தினோம், எஞ்சியவை திறந்தன. இரண்டாம் முறை பிழை எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தார் அப்பா. எங்கேயும் இல்லை. அல்லது இந்தத் தெருவுக்கு வெளியே எங்கோ இருந்தது, அவர் கை எட்டாத இடத்தில். அவரை மூட வைத்தது அதுதான். கடை நஷ்டத்தில் ஓடியது என்று உறவினர்களிடம் சொன்னோம். நீ விமானம் ஏறிய பிறகு தங்கமீனையெல்லாம் கொடுத்துவிட்டு, இந்தத் தொட்டியை மட்டும் நானாவின் லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். முன் அறை மூலையில் இருக்கிறது. அதில் வெங்காயமும் பழைய தலையணைகளும் போட்டு வைத்தேன். அவர் கதவைப் பார்த்துப் போட்டிருந்த தன் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

புளோரிடாவில் கடல் சூடேறியபோது பவளங்களைக் கடலிலிருந்து எடுத்துக் கரையில் தொட்டிகளில் வைத்துக் காப்பாற்றினார்கள் என்று நீ ஒரு தடவை சொன்னாய். அப்பா பேப்பரை மடித்தார். "கடல்லேருந்து எடுத்துத் தொட்டிக்கா?" என்று என்னைக் கேட்டார். போனை வாங்கி, "உப்பு யார் பார்க்கிறா?" என்றார். ஆள் இருக்கிறார்கள் என்றாய். "கரண்ட் போகாதா?" ஜெனரேட்டர் இருக்கிறது என்றாய். "அப்ப சரி" என்றார். நீ அதைப் பகிடி என்று நினைத்திருப்பாய். அவர் போய் வெங்காயத் தொட்டியின் விளிம்பைத் துடைத்ததை நீ பார்க்கவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. உன் வேலையை எனக்குத் தெரியாது, ஆகவே அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். கடலைக் காப்பாற்ற முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியும் என்று சொல்கிற அம்மாவாக இருக்க ஆசைதான். களைப்பாக இருக்கிறது, பொய் சொல்ல வரவில்லை. ஆனால் தொட்டியைக் கொஞ்சம் தெரியும். உன்னிடமிருந்து ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று ஆவியாகப் போகிறது. தூக்கம், பசி, கோபம், அந்தச் சிரிப்பு. போவது எல்லாம் நல்ல தண்ணீர். நீ கண்டது எதுவும் போவதில்லை. அது உப்பு, அடியிலேயே இருக்கிறது. நீ குறைகிறாய் என்று தெரிந்ததும் என்ன செய்தாய்? இன்னொரு பயணம் போனாய். இன்னொரு திட்டு. இன்னும் ஆழமாக. உன் அப்பாவின் மகள். கடல் குறைந்தால் கடலையே ஊற்றுகிறாய், அன்பாக, அளவு பார்த்து. உன்னில் உள்ள விரல்கள் ஏன் மூடிக்கொள்கின்றன என்று அதிசயப்படுகிறாய்.

வா. வந்து ஒன்றும் செய்யாதே. இங்கே வேலையும் தேட வேண்டாம், கல்யாணப் பேச்சை நான் எடுக்கவும் மாட்டேன். எடுத்தால் எழுந்து போ. காலையில் பாணும் சம்பலும் சாப்பிடு. பஸ்ஸில் டீச்சர் "எண்ணி?" என்று கேட்டால் நீயும் ஜன்னலைப் பார். என் கிளினிக்குக்கு வராதே, அதற்கு ஆட்டோ இருக்கிறது. உப்பு அளவுக்கு வந்ததா என்று உனக்கே தெரியும். வந்த பிறகு போவதா, இருப்பதா, அதை அப்போது கேட்டுக்கொள்ளலாம். வருவதற்கும் மூடுவதற்கும் நடுவில் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். வருகிறவர் நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறார். மூடுகிறவர் தொட்டியைக் காலியாக்கித் தலையணை போட்டு வைக்கிறார். அப்பாவிடம் இதை இப்படிச் சொல்ல முடியாது. அந்தத் தலையணை போட்டவள் நான்.

இவ்வளவும் எழுதிவிட்டு நேற்று கண்டிக்கு மரக்கறி வாங்கப் போனேன். குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறி, நின்றுகொண்டே வந்து, வீட்டுக்கு வந்தால் வாசல் மதிலில் தலையணைகள் வெயில் காய்கின்றன. முன் அறையில் வெங்காயம் பேப்பரில் பரப்பிக் கிடக்கிறது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு நிற்கிறார். பாதி வாளிதான் தூக்குகிறார், அதிலும் பாதி தரையில்.

"என்ன செய்றீங்க?"

"பார்த்தா தெரியல? தண்ணி ஊத்துறேன்."

"உப்பு?"

"எதுக்கு உப்பு? வெறும் தண்ணிதான்."

நான் பையைக் கீழே வைத்தேன். அவர் தொட்டியின் மூலைகளில் விரலை வைத்து வைத்துப் பார்த்தார். நடுங்குகிற விரலுக்கு ஈரம் தெரியுமா என்று தெரியவில்லை. "ரொம்ப நாள் காஞ்சு கிடந்த தொட்டி. கசியுதான்னு பார்க்கணும்" என்றார். அடியில் பேப்பர் விரித்தோம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் கதிரையைச் சுவர்ப் பக்கமிருந்து எடுத்துத் தொட்டியைப் பார்த்துப் போட்டார். உள்ளே ஒன்றும் இல்லை. மீன் இல்லை, கல் இல்லை. ஜன்னல் மட்டும் தெரிந்தது, கொஞ்சம் ஆடிக்கொண்டு.

"என்ன விடப் போறீங்க இதுல?"

"நான் ஒண்ணும் விடப் போறதில்ல. பாப்பா வந்து பார்த்துக்கட்டும்."

நான் பையிலிருந்து மரக்கறியை எடுத்து வைக்கத் தொடங்கினேன். பேசினால் அவர் எழுந்து போய்விடுவார். இன்றைக்குக் காலையில் குனிந்து பேப்பரைத் தொட்டுப் பார்த்தார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். குனிய முடியாது என்றேன். பேப்பரை எடுத்து என் கையில் தந்தார். காய்ந்திருந்தது.

"எழுதிக்கிட்டு இருக்கியே, அதுல எழுது."

"என்னன்னு?"

"கசியலன்னு."